பைபிள் பெல்ட்டில் குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு வேலை மாறி வரும் தமிழர்களும், ஊரிலிருந்து அவர்களை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கும் நண்பர்கள் கேட்பதும் அதே. டென்னசியில், நாஷ்வில் பக்கம் நெடுநாளாகக் குடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சட்ட விஷயங்கள் மாநிலத்துக்கு மாநிலம், வருடத்துக்கு வருடம் மாறும். முக்கியமான முடிவெடுக்கும்போது அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைபிள் பெல்ட், பைபிள் பெல்ட்னு சொல்றாங்களே, அது எந்த ஸ்டேட்? மேப்புல எங்க இருக்கு?

கோடு போட்டுக் காட்டும்படி எல்லை எதுவும் கிடையாது. டென்னசி, அலபாமா, மிசிசிப்பி, ஆர்கன்சா, ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள், கென்டக்கி, ஓக்லஹோமா, லூசியானாவின் வடபாதி, டெக்சஸின் பெரும்பகுதி என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் அன்றாட வாழ்க்கையில் ஊறிப்போன பகுதி இது. இந்தப் பெயரை 1920-களில் பரப்பியவர் ஹெச். எல். மென்கன் என்ற பத்திரிகையாளர். அவர் ஏளனமாகச் சொன்னதை இன்று இங்குள்ள பலர் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்காது. அட்லாண்டா புறநகரில் இருப்பது வேறு, மிசிசிப்பியில் இரண்டு சிக்னல் உள்ள சிற்றூரில் இருப்பது வேறு. "சவுத் அப்படியாம்" என்று யாராவது சொன்னால், எந்த ஊரைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரும் சர்ச்சுக்குப் போயிடுவாங்களாமே? போகலன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

பியூ ஆய்வு மையம் 2014-ல் எடுத்த கணக்கில், அலபாமாவிலும் டென்னசியிலும் வாரம் ஒருமுறையாவது சர்ச்சுக்குப் போவதாகச் சொன்னவர்கள் 51 சதவீதம். அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த அளவுகளில் இது ஒன்று. ஆனால் அப்போதும் கிட்டத்தட்ட பாதிப் பேர் வாராவாரம் போகவில்லை. ஞாயிறு காலையில் புல் வெட்டும் மிஷின் சத்தமும் கேட்கும், ஏரிக்குப் படகை இழுத்துக்கொண்டு போகும் வண்டிகளும் கண்ணில் படும். நீங்கள் வீட்டில் இருப்பதை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

ஆனால் போகாதவர்களின் வாரத்தையும் சர்ச்தான் வகுக்கிறது. ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்ததும் உணவகங்களில் இடம் கிடைக்காது. புதன்கிழமை மாலையும் பல சர்ச்சுகளில் கூட்டம் இருப்பதால், சில ஊர்களில் அன்று பள்ளி வீட்டுப்பாடத்தைக் குறைத்தே கொடுப்பார்கள். ஜார்ஜியாவில் பிறந்த சிக்-ஃபில்-ஏ கோழி உணவகங்கள் நாடு முழுக்க ஞாயிறன்று மூடியிருப்பதும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான். பிறந்தநாள் விழாவை ஞாயிறு காலையில் வைத்தால் பிள்ளையின் நண்பர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். சனிக்கிழமையில் வையுங்கள்.

குடிவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டம்மா "நீங்க எந்த சர்ச்?"னு கேட்டாங்க. என்னன்னு பதில் சொல்றது?

நம் ஊரில் புதிதாகக் குடிவந்தவரிடம் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பதைப் போன்ற கேள்விதான் அது. உங்களை எங்கே பொருத்திப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். "நாங்கள் இந்துக்கள், இங்கே கோயிலுக்குப் போகிறோம்" என்றோ, "நாங்கள் எங்கேயும் போவதில்லை" என்றோ இயல்பாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி பிள்ளைகள் எந்தப் பள்ளி என்பதாக இருக்கும்.

சிலர் பேச்சுவாக்கில், "அப்படியானால் ஒரு ஞாயிறு எங்களோடு வாருங்களேன்" என்பார்கள். விருப்பம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் "அழைத்ததற்கு நன்றி" என்று சொன்னாலே போதும். பொய்யாக ஒரு சர்ச் பெயரைச் சொல்லி நழுவ வேண்டாம். சின்ன ஊரில் அடுத்த கேள்வி "அங்கே பாஸ்டரைத் தெரியுமா?" என்று வரும்.

கேக்கு, சாப்பாடுன்னு எதுக்கெடுத்தாலும் கொண்டாந்து குடுக்கறாங்களே, அது மதம் மாத்தறதுக்குத்தானே?

இந்தச் சந்தேகம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். தங்கள் நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்வது கடமை என்று எவாஞ்சலிகல் கிறிஸ்தவர்கள் மனதார நம்புகிறார்கள். அவர்களே அதை மறைப்பதில்லை. "நீங்கள் இரட்சிக்கப்பட்டவரா?" என்று நேராகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் சாப்பாட்டுப் பாத்திரம் அதற்கான தூண்டில் இல்லை. குழந்தை பிறந்த வீடு, சாவு நடந்த வீடு, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் வீடு என்றால், யார் எந்த நாளில் சாப்பாடு கொடுப்பது என்று பட்டியல் போட்டுப் பகிர்ந்துகொள்வது இங்கே சர்ச்சில் சேர்ந்த குடும்பங்களின் பழக்கம். சர்ச்சில் சேராத உங்களுக்கும் அந்தப் பட்டியல் நீளும். நீங்கள் மாறவில்லை என்பதற்காக அடுத்த முறை நிறுத்த மாட்டார்கள்.

2020 மார்ச் 3 அதிகாலையில் நாஷ்வில்லையும் கிழக்கே உள்ள ஊர்களையும் சூறாவளி கிழித்துப் போட்டது. விடிந்ததும் மரம் அறுக்கும் ரம்பத்தோடும், கூரை மூடும் தார்ப்பாயோடும், பெரிய சமையல் பாத்திரங்களோடும் வந்து நின்றவர்களில் பாதிக்குமேல் ஏதோ ஒரு சர்ச்சின் பெயர் போட்ட பனியன் அணிந்திருந்தார்கள். சதர்ன் பாப்டிஸ்ட் என்ற பெரிய சபை அமைப்பின் மஞ்சள் சட்டை போட்ட நிவாரணக் குழுக்கள் தெற்கில் எந்தப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் வந்துவிடும். வீட்டுக்காரர் என்ன மதம் என்று கேட்டுவிட்டு மரத்தை அகற்றியதை நான் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சரி என்று சொன்னாலும் உங்கள் மதத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். சைவம் சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்க வெறும் பீன்ஸும் கீரையுமாக இருப்பதில் ருசிக்காகப் பன்றி இறைச்சித் துண்டைப் போட்டு வேகவைப்பது தெற்கத்திச் சமையல். சொன்னால் தனியாகச் செய்து தருவார்கள்.

வீட்ல பூஜை ரூம் வெச்சுக்கலாமா? கோயில் எல்லாம் பக்கத்துல இருக்கா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வாசலில் கோலம் போட்டாலும், தீபாவளிக்கு விளக்கேற்றினாலும் யாரும் கேட்பதில்லை. என்ன மாவு, எப்படி வரைகிறீர்கள் என்று ஆவலாக விசாரிப்பார்கள். குடியிருப்போர் சங்கம் உள்ள இடங்களில் வீட்டு முகப்பில் நிரந்தரமாக எதையாவது மாட்டக் கூடாது என்ற விதி இருக்கலாம். அது எல்லா மதத்துக்கும் பொதுவான விதி.

கோயில்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நாஷ்வில்லில் கணேசர் கோயில், அட்லாண்டா அருகே ரிவர்டேலில் பெருமாளும் சிவனும் உள்ள கோயில், அதே நகரின் புறநகரான லில்பர்னில் பெரிய சுவாமிநாராயண் கோயில், ஹூஸ்டன் அருகே பியர்லாண்டில் நம் மீனாட்சி அம்மன் கோயில். வட கரோலினாவின் கேரி நகரில் உள்ள வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு 2022-ல் 87 அடி உயர ராஜகோபுரம் கட்டி முடித்தார்கள். அலபாமாவில் பெல்ஹாம், மிசிசிப்பியில் பிராண்டன் போன்ற சிறிய ஊர்களிலும் கோயில் உண்டு. ஆனால் நடந்து போகும் தூரத்தில் எதுவும் இருக்காது. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

நாங்க முஸ்லிம் குடும்பம். என் மனைவி ஹிஜாப் போடுவாங்க. அங்க வரலாமா?

இதே டென்னசியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். நாஷ்வில்லுக்குத் தென்கிழக்கே உள்ள மர்ஃப்ரீஸ்பரோவில் 2010-ல் இஸ்லாமிய மையம் கட்ட அனுமதி கிடைத்தபோது ஊர்வலமாக எதிர்த்தார்கள். கட்டுமான வண்டிக்குத் தீ வைத்தார்கள். இஸ்லாம் ஒரு மதமே அல்ல என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். மத்திய அரசின் நீதி அமைச்சகம் தலையிட்டு, ஃபெடரல் (மத்திய) நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு 2012-ல் மையம் திறந்தது. அதே காலத்தில் மெம்ஃபிஸ் பக்கம் கார்டோவாவில், தங்கள் எதிரில் இஸ்லாமிய மையம் இடம் வாங்கியதைக் கேள்விப்பட்ட ஹார்ட்சாங் சர்ச் வாசலில் வரவேற்புப் பலகை வைத்தது. 2010 ரமலானுக்குள் கட்டடம் முடியாததால் அந்த மாதம் முழுக்கத் தொழுகைக்குத் தங்கள் சர்ச் கட்டடத்தையே திறந்துவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பைபிளைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். ஆகவே "வரலாமா?" என்ற கேள்விக்கு, ஊரைத் தேர்ந்தெடுத்து வாருங்கள் என்பதே என் பதில். நாஷ்வில்லில் அமெரிக்காவின் மிகப் பெரிய குர்து சமூகம் வாழ்கிறது. ஹலால் கடைகள், பள்ளிவாசல்கள் எல்லாம் பழகிப்போன விஷயம். அட்லாண்டா, ஹூஸ்டன், டாலஸிலும் அப்படியே. தொலைவான சிற்றூரில் முறைத்துப் பார்ப்பதும், தேர்தல் நேரத்தில் கசப்பான பேச்சும் வரலாம். இல்லை என்று சொல்லி உங்களை வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கூல்ல பிள்ளைங்கள ஜெபம் பண்ண வைப்பாங்களா?

அரசுப் பள்ளியில் வைக்கக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-லும் 1963-லும், பள்ளி நடத்தும் ஜெபமும் பைபிள் வாசிப்பும் அரசியல் சட்டத்துக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. 2000-ல் டெக்சஸ் பள்ளி ஒன்றின் வழக்கில், ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் ஜெபம் நடத்த ஏற்பாடு செய்வதும் கூடாது என்றது. டென்னசியில் காலையில் ஒரு நிமிட மௌனம் உண்டு. அந்த நிமிடத்தில் உங்கள் பிள்ளை முருகனை நினைக்கலாம், மதிய உணவையும் நினைக்கலாம்.

மாணவர்களே விரும்பி நடத்தும் பைபிள் குழுக்கள் இருக்கும். 1984-ல் வந்த ஃபெடரல் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதே சட்டப்படி இந்து மாணவர் குழுவோ முஸ்லிம் மாணவர் குழுவோ தொடங்கவும் உயர்நிலைப் பள்ளி அனுமதிக்க வேண்டும். இதைப் பயன்படுத்திக்கொள்ளும் நம் பிள்ளைகள் குறைவு. லூசியானா 2024-ல் எல்லா வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது, உடனே வழக்கும் தொடங்கியது. இந்த இழுபறி ஓயாது. ஏதாவது வரம்பு மீறுவதாகத் தோன்றினால் முதலில் ஆசிரியரிடம், பிறகு முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். சட்டம் தெரிந்த பள்ளிகள் பெரும்பாலும் அங்கேயே சரிசெய்துவிடும்.

பரிணாமக் கொள்கையே சொல்லித்தர மாட்டாங்களாமே? படிப்பு எல்லாம் எப்படி?

இந்தப் பேச்சுக்கு வயது நூறு. 1925-ல் டென்னசியின் டேட்டன் ஊரில், மனிதன் கீழ்நிலை உயிரிலிருந்து வந்தான் என்று கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்து 100 டாலர் அபராதம் விதித்தார்கள். மென்கன் நேரில் வந்து எழுதியதும் அந்த வழக்கைத்தான். அந்தத் தீர்ப்பு 1927-ல் நடைமுறைக் காரணத்தால் ரத்தானது. சட்டம் 1967-ல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே ஆர்கன்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட தடைகளைச் செல்லாதவை ஆக்கியது.

இன்று உயிரியல் பாடத்தில் பரிணாமம் உண்டு. ஆனால் உரசல் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அலபாமாவில் 1990-களிலிருந்து உயிரியல் புத்தகத்தில் "இது சர்ச்சைக்குரிய கோட்பாடு" என்ற பொருளில் குறிப்பு ஒட்டினார்கள். இந்தக் கொள்கையின் பலம், பலவீனம் இரண்டையும் பேச ஆசிரியருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் டென்னசியில் 2012-ல் வந்தது. அந்த அத்தியாயத்தை வேகமாகத் தாண்டிப் போகும் ஆசிரியர் அமையலாம். வீட்டில் புத்தகத்தைத் திறந்து நீங்கள் ஒருமுறை படித்துக் காட்டினால் தீர்ந்தது. நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கியது அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் மையம். அணு ஆராய்ச்சிக்குப் பேர்போன ஓக் ரிட்ஜ் டென்னசியில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிகளில் பலர் ஞாயிறு ஆராதனைக்கும் போகிறவர்கள்.

யோகாவைக்கூட தடை பண்ணிட்டாங்கன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம்தான். அலபாமா 1993-ல் அரசுப் பள்ளிகளில் யோகாவைத் தடை செய்தது. 2021-ல் தடையை நீக்கினார்கள். ஆனால் ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்தான், மந்திரம் கூடாது, "நமஸ்தே" என்று சொல்லக் கூடாது, பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். இது எனக்கு வருத்தம் தருகிற சட்டம். பள்ளிக்கு வெளியே எந்தத் தடையும் இல்லை. நாஷ்வில்லிலும் பர்மிங்ஹாமிலும் யோகா வகுப்புகளுக்குக் குறைவே கிடையாது.

சரக்கே கிடைக்காதாமே?

கிடைக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம், அதாவது கவுண்டிக்குக் கவுண்டி, விதி மாறும். மதுவிலக்கை மாநில அளவில் கடைசியாகக் கைவிட்டது மிசிசிப்பி, 1966-ல். ஆர்கன்சாவில் இன்றும் பல கவுண்டிகளில் விற்பனை கிடையாது. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி தயாராகும் லிஞ்ச்பர்க் இருக்கும் மூர் கவுண்டியே மதுவிலக்குக் கவுண்டிதான். டென்னசி மளிகைக் கடைகளில் வைன் வந்தது 2016-ல், மதுக்கடைகள் ஞாயிறன்றும் திறக்க அனுமதி வந்தது 2018-ல். பாப்டிஸ்ட் நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும்போது மட்டும் பாட்டில் எடுத்துப் போகாதீர்கள். இனிப்பு எடுத்துப் போங்கள்.

பாம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆராதனை பண்றாங்களாமே?

அப்பலாச்சிய மலைப்பகுதியில் மிகச் சில சிறு சபைகளில் உண்டு. மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வரும் வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் அவர்கள். டென்னசியில் 1947 முதல் அது சட்டவிரோதம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதை டிவியில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

நாங்களே கிறிஸ்தவங்கதான், ஆர்.சி. அப்போ எங்களுக்கு ஈசியா இருக்குமில்ல?

ஓரளவுக்கு. மேலே சொன்ன "எந்த சர்ச்?" கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும். ஆனால் "கத்தோலிக்கர்கள் கிறிஸ்தவர்களா?" என்று சந்தேகப்படும் சிலரை நீங்கள் இங்கே சந்திக்கலாம். மாதாவிடம் வேண்டுவதும் ஜெபமாலையும் அவர்களுக்குப் புரியாது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போன கதையைச் சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள். தெற்கு லூசியானா மட்டும் விதிவிலக்கு, அங்கே ஊர் வழக்கமே கத்தோலிக்கம். உலகம் முழுக்க ஒளிபரப்பாகும் கத்தோலிக்க டிவி ஒன்று 1981-ல் அலபாமாவின் பர்மிங்ஹாம் அருகேதான் தொடங்கியது.

சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பங்களுக்கு வேறு மாதிரி அதிர்ச்சி. சர்ச் ஆஃப் கிரைஸ்ட் சபையில் ஆர்கன், கிடார் எதுவும் இல்லாமல் வாய்ப்பாட்டு மட்டுமே. அடுத்த தெருவில் உள்ள பெரிய சபையில் டிரம்ஸும் வண்ண விளக்கும். குழந்தை ஞானஸ்நானத்தை பாப்டிஸ்ட் சபை ஏற்காது, வளர்ந்தபின் முழுக்கு வாங்க வேண்டும். நாலைந்து இடம் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அட்லாண்டா, டாலஸ், ஹூஸ்டன் போன்ற பெருநகரங்களில் தமிழ் ஆராதனையும் உண்டு.

வெள்ளைக்காரங்க சர்ச் தனி, கறுப்பர்கள் சர்ச் தனியா? ஒரே சாமிதானே?

பெரும்பாலும் தனித்தனிதான். அதன் காரணம் வலி மிகுந்தது. அடிமைகளை வைத்திருப்பவர்களும் மிஷனரியாகலாமா என்ற தகராறில் வடக்கிலிருந்து பிரிந்து 1845-ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் உருவானது சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பு அது. அடிமைமுறையை ஆதரித்ததற்கு 1995-ல் மன்னிப்புக் கேட்டது, 2012-ல் முதன்முறையாகக் கறுப்பினத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது.

வெளியாட்கள் "மதப்பற்றுள்ள தெற்கு" என்றதும் வெள்ளையர் சர்ச்சுகளை மட்டுமே மனதில் நினைக்கிறார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த ஆதங்கம். மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்தது அலபாமாவின் மான்ட்கோமரியில், டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சர்ச்சில். பஸ்ஸில் கறுப்பர்களை ஒதுக்கி உட்காரவைத்ததை எதிர்த்து 1955-ல் தொடங்கி 381 நாள் நடந்த பஸ் புறக்கணிப்பு சர்ச் கூட்டங்களில்தான் கட்டப்பட்டது. 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாமில் 16-ஆவது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். குண்டு வைத்தவர்கள் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள். அந்தக் கூட்டமும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டது. பக்தி மனிதனை எந்தப் பக்கம் நிறுத்தும் என்று இந்த மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்த சர்ச் இன்றும் இயங்குகிறது. பர்மிங்ஹாம் போனால் அதையும் எதிரில் உள்ள பூங்காவையும் பிள்ளைகளோடு பாருங்கள்.

பக்தி அதிகம்னா எல்லாரும் ரிபப்ளிகன் கட்சிதானே?

வெள்ளை எவாஞ்சலிகல்களில் பெரும்பான்மை அப்படி. கறுப்பின சர்ச்சுகளில் பெரும்பான்மை டெமாக்ரட். கிங் பிரசங்கம் செய்த அட்லாண்டாவின் எபனேசர் சர்ச்சில் இன்றைய மூத்த போதகர் ராஃபேல் வார்னாக், 2021 ஜனவரியில் டெமாக்ரட்டாக ஜெயித்து செனட்டுக்குப் போனவர். அலுவலகத்தில் ஒருவர் பைபிள் வசனம் மாட்டியிருப்பதை வைத்து அவர் ஓட்டைக் கணிக்க வேண்டாம்.

இவ்வளவு பக்தியா இருக்காங்க, ஆனா விவாகரத்து அங்கதான் அதிகமாமே? போலித்தனம் இல்லையா?

ஆர்கன்சா, ஓக்லஹோமா போன்ற மாநிலங்கள் விவாகரத்துப் பட்டியலில் பல காலமாக மேலே இருப்பது உண்மை. இளம் வயதில் கல்யாணம், குறைந்த வருமானம், படிப்பை முடிக்குமுன் குழந்தை ஆகியவை முக்கியக் காரணங்கள். திருமணத்தைப் புனிதமாக நினைப்பதாலேயே இருபது வயதில் அவசரமாகக் கட்டிக்கொண்டு தடுமாறும் பிள்ளைகளை நான் போலிகள் என்று சொல்ல மாட்டேன். விவாகரத்தானவர்களுக்கென்றே ஆறுதல் வகுப்பு நடத்தும் சர்ச்சுகள் ஏராளம்.

போலித்தனம் என்ற சொல் பொருந்தும் இடம் வேறு. சதர்ன் பாப்டிஸ்ட் தலைமை பாலியல் புகார் கொடுத்தவர்களைப் பல ஆண்டுகள் அலட்சியம் செய்து ஒதுக்கியதாக 2022-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதைப் படித்து அதிகம் கொதித்தவர்கள் அந்தச் சபைகளின் சாதாரண உறுப்பினர்கள்தான். அந்த விசாரணையை வற்புறுத்தி ஓட்டுப் போட்டவர்களும் சபைகளிலிருந்து வந்த பிரதிநிதிகளே.

நாங்க பெரியார் வழி வந்த குடும்பம். சாமி இல்லைன்னு வெளிப்படையா சொல்லலாமா?

சொல்லலாம். சட்டம் உங்கள் பக்கம். ஆனால் அன்றாடத்தில், நான் பார்த்தவரை, "நான் இந்து" என்பதை எளிதாக ஏற்றுக்கொள்ளும் பலர் "எனக்குக் கடவுளே இல்லை" என்பதைக் கேட்டுத் திகைக்கிறார்கள். வேறு மதம் என்பது அவர்களுக்குப் புரிகிறது, மதமே இல்லாமல் ஒருவர் நல்லவராக இருப்பது சிலருக்குப் புரிவதில்லை. கடவுளை மறுப்பவர் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்று டென்னசி அரசியல் சட்டத்தில் இன்னும் எழுதியிருக்கிறது. 1961-ல் மேரிலாந்து வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது செல்லாது என்றாலும், அந்த வரியை எடுக்கவில்லை.

தேர்தல் அரசியலில் இந்த அழுத்தம் தெரியும். லூசியானா ஆளுநராக இருந்த பாபி ஜிண்டலும், தென் கரோலினா ஆளுநராக இருந்த நிக்கி ஹேலியும் இந்தியக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள். மனம் மாறியது அவர்கள் சொந்த விஷயம். ஆனால் மாறாதிருந்தால் அந்தக் காலத்தில் ஜெயித்திருப்பார்களா என்ற கேள்வி நியாயமானது. மறுபக்கம், கறுப்பின பாப்டிஸ்டுகள் நிறைந்த மெம்ஃபிஸ், ஸ்டீவ் கோஹன் என்ற யூதரை 2006-லிருந்து திரும்பத் திரும்ப நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

என் பொண்ணு அங்க கர்ப்பமா இருக்கா. சட்டம் எல்லாம் கடுமையாமே, பயமா இருக்கு.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டாரின் அன்பு எவ்வளவு உண்மையோ, மாநிலச் சட்டத்தின் கடுமையும் அவ்வளவு உண்மை. 2022 ஜூனில், மிசிசிப்பியிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நீக்கியது. அதன்பின் டென்னசி, அலபாமா, மிசிசிப்பி, ஆர்கன்சா, லூசியானா, டெக்சஸ், ஓக்லஹோமா, கென்டக்கி மாநிலங்களில் கிட்டத்தட்ட முழுத் தடை. ஜார்ஜியாவில் சுமார் ஆறு வாரம், வட கரோலினாவில் 12 வாரம். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு, ஆனால் எது ஆபத்து என்பதில் மருத்துவர்கள் தயங்கிய நேரங்கள் உண்டு. டென்னசி 2023-ல் கருக்குழாய்க் கர்ப்பம் போன்றவற்றுக்கு விலக்கைத் தெளிவாக்கியது. 2024 பிப்ரவரியில் உறைந்த கருவும் குழந்தையே என்று அலபாமா நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் சில ஐ.வி.எஃப். (செயற்கைக் கருத்தரிப்பு) மையங்கள் சிகிச்சையை நிறுத்தின. அடுத்த மாதமே சட்டமன்றம் பாதுகாப்புச் சட்டம் போட்டது.

சாதாரணப் பிரசவத்துக்கு இங்கே நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன. முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: கருச்சிதைவு ஆனால் என்ன செய்வீர்கள், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தால் என்ன செய்வீர்கள், குறைபாடு தெரிந்தால் எந்த மாநிலத்துக்கு அனுப்புவீர்கள்? ஐ.வி.எஃப். யோசிப்பவர்கள் கருவை எங்கே உறையவைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர், வாடகையை விசாரிக்கும்போதே இதையும் விசாரியுங்கள்.

பையன் ஃப்ரெண்டோட வி.பி.எஸ். போறேன்கிறான். அனுப்பலாமா? அப்புறம் ஞானஸ்நானம் வாங்கிட்டு வந்து நின்னா?

கோடை விடுமுறையில் சர்ச்சுகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி தமிழ்நாட்டிலும் உண்டு, நம்மில் பலர் சின்ன வயதில் கலர் பென்சிலுக்கும் பாட்டுக்கும் போனவர்கள்தான். இங்கேயும் பாட்டு, கைவேலை, விளையாட்டு, பைபிள் கதை. பெரும்பாலும் இலவசம். நண்பர்கள் எல்லோரும் போகும்போது பையனை மட்டும் வீட்டில் நிறுத்துவது அவனுக்குக் கஷ்டம்தான். ஆனால் பல இடங்களில் கடைசி நாட்களில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் முன்னே வாருங்கள்" என்று பிள்ளைகளை அழைப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை எல்லோரும் எழுந்தால் தானும் எழுந்துதான் போவான்.

அனுப்புவதென்றால், பதிவு செய்யும்போதே அந்த அழைப்பு உண்டா என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவருக்கு ஞானஸ்நானம் தரக் கூடாது என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பொறுப்புள்ள சபைகள் தாங்களாகவே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும். பையனிடம், அங்கே கேட்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை, நம் வீட்டில் இப்படி என்று போகுமுன்பே பேசிவிடுங்கள். பதினைந்து, பதினாறு வயதில் தானே யோசித்து "எனக்கு அங்கே போகப் பிடித்திருக்கிறது" என்று வந்தால் அது வேறு பேச்சு. கத்தாமல் உட்காருங்கள், எது பிடித்தது என்று கேளுங்கள், ஒருமுறை நீங்களும் கூடப் போய் வாருங்கள். நான் பார்த்த குடும்பங்களில் பல பிள்ளைகள் சொன்ன பதில், "அங்கே என் வயதில் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்." அப்படியானால் நம் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.